முதல் ஆர்சிக்யூ, ஒரு பர்ன் டெக், ஆறு ரவுண்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

மேஜிக் தி கேதரிங்ங்கற கார்டு ஆட்டத்தைக் கடையில வெள்ளிக்கிழமை ராத்திரி ஆடி ஆடிப் பழகினவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல ஆர்சிக்யூ ஆடிப் பாக்கணும்னு தோணும், அதாவது ரீஜனல் சாம்பியன்ஷிப் குவாலிஃபையர், அதுல ஜெயிச்சா ரீஜனல் சாம்பியன்ஷிப், அங்கயும் நல்லா ஆடினா உலக அளவிலான ப்ரோ டூர். எங்க மிசிசாகா பக்கத்து குரூப்ல காலேஜ் படிக்கற தம்பி ஒருத்தன் இந்த சீசன்ல முதல் தடவையா ஒரு மாடர்ன் ஆர்சிக்யூ ஆடினான். நான் அன்னைக்கு ஆடல, கூடப் போனேன், ஒவ்வொரு ரவுண்ட் முடிஞ்சதும் அவன் சொல்லச் சொல்ல எழுதி வச்சேன், அவனோட லைஃப் பேடையும் (லைஃப் கணக்கு எழுதற நோட்டு) கேட்டு வாங்கி வச்சிருக்கேன். அவன் சம்மதத்தோடதான் இதை எழுதறேன், பேரு மட்டும் வேண்டாம்னான், அதனால தம்பின்னே சொல்றேன்.

ரிசல்ட்டை முதல்லயே சொல்லிடறேன்: மூணு வெற்றி, ரெண்டு தோல்வி, ஒரு டிரா. நாப்பது சொச்சம் பேர், ஆறு ரவுண்ட் ஸ்விஸ் (தோத்தாலும் தொடர்ந்து ஆடற முறை), அப்புறம் டாப் 8. ஒரு ரவுண்ட்ல ரெண்டு கேம் ஜெயிச்சா வெற்றி. வெற்றிக்கு 3 பாயிண்ட், டிராவுக்கு 1, ஆக மொத்தம் 10 பாயிண்ட், டாப் 8க்கு அது பத்தாது. இந்த மாதிரி ரிசல்ட் வந்தா உடனே எல்லாரும் டெக்கை மாத்தணும், பர்ன் (எதிராளியோட லைஃபை நேரா சேதத்தால கரைக்கற டெக்) எல்லாம் இப்ப எடுபடாது, லக் சரியில்லன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஆறு ரவுண்டையும் திரும்பத் திரும்பப் பாத்ததுல எனக்குத் தெரியறது வேற. கை நழுவிப் போன பாயிண்ட்ல பெரும்பகுதி கார்டுனால போகல, மேசைய நடத்தற விதத்துல போச்சு. ட்ரிக்கரை (ஒரு சமயத்துல தானா நடக்கற கார்டோட விளைவை) வாய் விட்டு சொல்றது, லைஃபை எழுதறது, நேரத்தைப் பாக்கறது, தேவைப்பட்டா கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடறது, இதெல்லாம் காம்பெட்டிட்டிவ் லெவல்ல ஆட்டத்துக்கு வெளிய இருக்கற சமாச்சாரம் இல்ல, ஆட்டமேதான். இதை யாரும் புதுசா போறவங்களுக்கு சொல்லித் தர்றதில்ல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

டெக்கும் தயாரிப்பும்

மாடர்ன்ங்கறது 2011ல ஆரம்பிச்ச ஃபார்மட், 2003ல வந்த எய்த் எடிஷன்லேந்து இருக்கற மெயின் செட் கார்டு எல்லாம் செல்லும், தடை பண்ணது போக. தம்பி ஆடினது சிவப்பு வெள்ளை பர்ன். லைட்னிங் போல்ட், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட், லைட்னிங் ஹீலிக்ஸ், போரோஸ் சார்ம், ஸ்கல்கிராக், சியரிங் பிளேஸ், கூட காப்ளின் கைடு, மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர், ஐடோலன் ஆஃப் தி கிரேட் ரெவல். 20 லேண்ட், அதாவது மத்த கார்டைப் போடத் தேவையான மானாவைக் குடுக்கற கார்டு. கணக்கு சிம்பிள்: எதிராளிக்கு 20 லைஃப், ஒரு கார்டு ஏறக்குறைய 3 சேதம், ஏழு கார்டு போட்டா முடிஞ்சது. அதுலயும் மாடர்ன்ல எதிராளியே ஃபெட்ச் லேண்டுக்கு (உடைச்சு டெக்லேந்து வேற லேண்டை இறக்கறது) 1, ஷாக் லேண்டுக்கு 2ன்னு தன் லைஃபைக் கரைச்சுக்குவான்.

இதைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு, அதை நான் அடிச்சு சொல்லுவேன். இதைவிட பலமான டெக் இருக்கு, குரூப்ல கடன் குடுக்கவும் ஆள் இருந்தாங்க, ஆனா அவன் கை பழகினது இந்த டெக்தான். முதல் டோர்னமெண்ட்ல மூளைக்கு ஏற்கனவே நிறைய வேலை இருக்கும், அதுல தன் கார்டு என்ன பண்ணும்னு யோசிக்கற வேலையும் சேரக் கூடாது.

கடை லீக்குக்கும் ஆர்சிக்யூவுக்கும் நடுவுல மாறற விஷயங்களை முந்தின நாள் ராத்திரி உக்காந்து பேசினோம். கடை லீக் ரெகுலர் லெவல், தப்பு பண்ணா ஜட்ஜ் வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போயிடுவார். ஆர்சிக்யூ காம்பெட்டிட்டிவ். டெக்லிஸ்ட் முன்னாடியே குடுக்கணும், லிஸ்டுல இருக்கறதும் டெக்ல இருக்கறதும் ஒத்துப் போகலைன்னா கேம் லாஸ் வரைக்கும் போகும். எதிராளியோட டெக்கை நீங்க கலைச்சே ஆகணும், அவரும் உங்களுதைக் கலைப்பார், யாரும் யாரையும் சந்தேகப்படறாங்கன்னு அர்த்தம் இல்ல. டைஸ்ல லைஃப் வைக்கக் கூடாது, மாறி வந்த கணக்கு தெரியற மாதிரி எழுதி வைக்கணும். ஸ்லீவ் எல்லாம் ஒரே மாதிரி, மூலை மடங்காம இருக்கணும், இல்லன்னா மார்க்டு கார்டு பிரச்சனை வரும். தம்பி ராத்திரியே முழு டெக்குக்கும் புது ஸ்லீவ் போட்டு, மெயின் 60, ஸைட்போர்டு (ரெண்டு கேமுக்கு நடுவுல மாத்திக்கற கார்டு) 15ன்னு லிஸ்டைப் பாத்து ஒவ்வொண்ணா எண்ணி வச்சான். பேனா ரெண்டு, தண்ணி பாட்டில், வீட்லேந்து சப்பாத்தி ரோல். இது எல்லாம் சரியா இருந்துச்சு, இதனால அன்னைக்கு ஒரு பிரச்சனையும் வரல.

முதல் ரவுண்ட்

ட்ரான் டெக். அர்ஸாவோட மூணு லேண்டும் சேந்துட்டா மூணாவது டர்ன்லயே ஏழு மானா வரும், அதுக்கு முன்னாடி அடிச்சு முடிக்கணும். அடிச்சு முடிச்சான், 2-0, இருபது நிமிஷம் கூட ஆகல. சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது ரவுண்ட்: காப்ளின் கைடு

இங்கதான் ஆய்வோட மையம் இருக்கு, அதனால கொஞ்சம் மெதுவா போறேன்.

எதிராளி கருப்பு பச்சை மிட்ரேஞ்ச். முதல் கேம் தம்பி நல்லா ஓட்டிட்டிருந்தான். காப்ளின் கைடு தாக்கும்போது ஒரு ட்ரிக்கர் உண்டு: தடுக்கற ஆள் தன் டெக்கோட மேல் கார்டைத் திறந்து காட்டணும், அது லேண்டா இருந்தா கைக்கு எடுத்துக்கலாம். ஒரு மானாவுக்கு வேகமா அடிக்கற 2/2 கிரீச்சருக்கு, அதாவது 2 சேதம் பண்ணி 2 சேதம் தாங்கற தாக்கும் கார்டுக்கு, அதுதான் விலை. மூணாவது டர்ன்ல தம்பி கைடையும் ஸ்விஃப்ட்ஸ்பியரையும் சேத்து திருப்பி, தாக்கறேன்னு சொல்லிட்டு நேரா சேதத்தை எழுதப் போயிட்டான், மேல் கார்டைத் திறக்கறதைப் பத்தி ரெண்டு பேருமே பேசல. எதிராளி அடுத்த டர்ன் கார்டு எடுக்கப் போறப்பதான் ஞாபகம் வந்து, ஆட்டத்தை நிறுத்தி கையைத் தூக்கினார்.

தம்பிக்கு மொகம் வெளுத்துப் போச்சு. அவனுக்கு அது எதிராளியோட வேலைன்னு ஒரு நினைப்பு, கார்டைத் திறக்கறது அவர்தானே, லாபமும் அவருக்குத்தானே. ஆனா ட்ரிக்கர் யார் கார்டுல இருக்கோ அவங்களோட பொறுப்பு. அது தனக்கு லாபமான ட்ரிக்கரா இருந்து மறந்து போனா நஷ்டம் தனக்கு, அவ்வளவுதான், பெனால்டி கிடையாது. தனக்குப் பாதகமான ட்ரிக்கரை மறந்தா வார்னிங் வரும், ஏன்னா மறக்கறதுல லாபம் இருக்கு இல்லையா. அப்புறம் அந்த ட்ரிக்கரை இப்ப போடணுமா வேண்டாமான்னு எதிராளி முடிவு பண்ணுவார். ஜட்ஜ் வந்து ரெண்டு பேர்கிட்டயும் கேட்டார், எதிராளி போடச் சொன்னார், மேல லேண்ட் இருந்துச்சு, எடுத்துக்கிட்டார். தம்பிக்கு வார்னிங். தெரிஞ்சே விட்டிருந்தா அது ஏமாத்தறது, டோர்னமெண்ட்லேந்தே வெளிய அனுப்புவாங்க, அதனால ஜட்ஜ் ரெண்டு கேள்வி கூடுதலா கேட்டார், அது அவரோட கடமை.

ரூல்படி பாத்தா இது ரொம்பச் சின்ன விஷயம். வார்னிங்ங்கறது பதிவு மட்டும்தான், திரும்பத் திரும்ப நடந்தாத்தான் பெருசாகும். அந்த கேமை தம்பியே ஜெயிச்சான். ஆனா அந்த ரெண்டு கேள்வி அவனைக் கரைச்சுடுச்சு. நம்ம வீடுகள்ல வளந்த பிள்ளைங்களுக்கு அதிகாரத்துல இருக்கற ஒருத்தர் வந்து பக்கத்துல நின்னு கேள்வி கேட்டாலே தப்பு பண்ணிட்டோம்னு ஆயிடுது, ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் ரூமுக்குக் கூப்பிட்ட மாதிரி. என்னை ஏமாத்தறவன்னு நினைச்சிட்டாங்க அண்ணான்னு ரவுண்ட் முடிஞ்சு வந்து சொன்னான், குரலே சரியில்ல.

அடுத்த கேம்ல நடந்ததைப் பாருங்க. கையில சியரிங் பிளேஸ். சாதாரணமா அது கிரீச்சருக்கு 1, ஆளுக்கு 1, அந்த டர்ன்ல உங்க பக்கம் லேண்ட் இறங்கியிருந்தா ரெண்டும் 3 ஆகும். அது இன்ஸ்டன்ட், அதனால ஃபெட்ச் லேண்டை உடைக்காம வச்சிருந்தா எதிராளியோட டர்ன்லயும் லேண்டை இறக்கி முழு சேதம் பண்ணலாம். இது தம்பிக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். அன்னைக்கு தன் டர்ன்லயே ஃபெட்சை உடைச்சிட்டு, எதிராளி கிரீச்சர் இறக்கினப்ப வெறும் 1 சேதத்துக்கு பிளேஸை வீணாக்கினான். அந்த கிரீச்சர்தான் அவனை அடிச்சு முடிச்சது. மூணாவது கேம் கார்டு வரல, அது யாருக்கும் நடக்கறது. 1-2.

அதனால என் கணிப்பு இது: அந்த ரவுண்டைத் தோக்கடிச்சது வார்னிங் இல்ல, வார்னிங்னா என்னன்னு முன்கூட்டியே தெரியாம இருந்தது. கடை லீக்ல ஜட்ஜைக் கூப்பிடறது அபூர்வம், அதனால கூப்பிட்டாலே சண்டைன்னு மனசுல பதிஞ்சுடுது. காம்பெட்டிட்டிவ்ல ஒவ்வொரு ரவுண்ட்லயும் பத்து மேசைல கை தூக்கிட்டுதான் இருக்கும், கார்டோட வார்த்தை என்னன்னு கேக்கறதுலேந்து ஆரம்பிச்சு. அந்த எதிராளி பண்ணது நூத்துக்கு நூறு சரி, ரவுண்ட் முடிஞ்சதும் தம்பி தோளைத் தட்டிட்டுதான் போனார். புதுசா ஆடப் போறவங்களை நான் கேட்டுக்கறது, முந்தின வாரம் கடைல ஆடும்போதே வேணும்னே ரெண்டு மூணு தடவை ஜட்ஜைக் கூப்பிட்டுப் பழகுங்க, ஏதாவது ஒரு ரூல் சந்தேகத்துக்கு. அந்தக் கூச்சம் அங்கயே போயிடட்டும். ஜட்ஜ் சொன்னது சரியில்லைன்னு பட்டா ஹெட் ஜட்ஜ்கிட்ட அப்பீல் பண்ணலாம், அதுவும் மரியாதைக் குறைவு கிடையாது.

தோத்ததும் தம்பி ட்ராப் பண்ணிட்டுப் போயிடலாமான்னு கேட்டான். வேண்டாம்னேன். ஸ்விஸ்ல ஒரு தோல்வி உங்களை வெளிய தள்ளாது, உங்க பாயிண்ட்ல இருக்கற ஆளோட அடுத்த ரவுண்ட் போடுவாங்க. எப்பவும் இப்படி இருந்ததில்ல, 1994 ஆகஸ்ட்ல மில்வாக்கியில ஜென் கான்ல நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்புல 512 பேர் நாக்அவுட்ல ஆடினாங்க, ஒரு மேட்ச் தோத்தா கதை முடிஞ்சது, கடைசில ஸாக் டோலன் பிரான்ஸோட பெர்ட்ராண்ட் லெஸ்த்ரேவை ஜெயிச்சார். முதல் டோர்னமெண்ட் ஆடற பையனுக்கு ஆறு ரவுண்டும் ஆடக் கிடைக்கறது எவ்வளவு பெரிய வசதி, அதை விட்டுட்டுப் போகக் கூடாது.

மூணாவது ரவுண்ட்: கடிகாரம்

நீலம் வெள்ளை கன்ட்ரோல். ரவுண்டுக்கு 50 நிமிஷம், முடிஞ்சப்புறம் கூடுதலா அஞ்சு டர்ன், அதுக்குள்ள முடியலைன்னா அப்படியே விட்டது விட்டபடி. முதல் கேம் எதிராளி எல்லாத்தையும் கவுன்ட்டர் பண்ணி (போடற கார்டை செல்லாம ஆக்கி), லைஃபும் ஏத்தி, மெதுவா மேசையைக் கைப்பத்திட்டார். தம்பி கையில ஒண்ணும் இல்லாம, டாப்டெக்கை, அதாவது அடுத்து எடுக்கற கார்டை, நம்பி ரொம்ப நேரம் இழுத்தான். ரெண்டாவது கேம் வேகமா ஜெயிச்சான். மூணாவது கேம் நல்லா போயிட்டிருக்கும்போதே நேரம் போச்சு, கூடுதல் டர்ன் முடியறப்ப எதிராளிக்கு 5 லைஃப், தம்பி கையில ரெண்டு போல்ட் மாதிரி கார்டு, ஆனா மானா ஒண்ணுக்குத்தான் இருந்துச்சு. 1-1 டிரா.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. முதலாவது, தோத்துப் போன முதல் கேமை சீக்கிரம் விட்டுக் குடுக்கணும். கன்ட்ரோல் டெக் மேசையைப் பிடிச்சதுக்கப்புறம் பர்ன் திரும்பி வர்ற வாய்ப்பு சொற்பம், ஆனா அந்த நிமிஷங்கள் மூணாவது கேமோட சொத்து. மானத்துக்காக இழுக்கற மாதிரி தோணும், உண்மைல நம்ம நேரத்தை நாமே எதிராளிக்குக் குடுக்கறோம். பர்ன் மாதிரி டெக்குக்கு டிரா கிட்டத்தட்ட தோல்விதான், மூணுல ரெண்டு பாயிண்ட் போயிடுது.

ரெண்டாவது, எதிராளி ஒவ்வொரு டர்னும் கையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தார். வேணும்னு பண்ணார்னு நான் சொல்லல, கன்ட்ரோல் ஆடறவங்களுக்கு யோசிக்க நிறைய இருக்கும். ரூல்ஸே இந்த ரெண்டையும் பிரிச்சுதான் வச்சிருக்கு: தெரியாம மெதுவா ஆடினா ஸ்லோ பிளே, அதுக்கு வார்னிங், வேணும்னே நேரத்தைக் கடத்தினா ஸ்டாலிங், அதுக்கு டிஸ்குவாலிஃபிகேஷன். முதல் வேலையா, கொஞ்சம் வேகமா ஆடலாமான்னு நேரா அவர்கிட்டயே கேக்கலாம். கேட்டும் மாறலைன்னா ஜட்ஜைக் கூப்பிட்டு, இந்த மேட்சோட வேகத்தைக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்லலாம், அது புகார் கிடையாது, ஜட்ஜ் பக்கத்துல நின்னாலே ரெண்டு பேர் கையும் வேகமாயிடும். தம்பி ரெண்டுமே பண்ணல. என்னைவிட வயசுல பெரியவர் அண்ணா, எப்படிக் கேக்கறதுன்னான். இந்த மரியாதை நல்ல குணம்தான், நான் குறை சொல்லல, ஆனா 50 நிமிஷம் ரெண்டு பேருக்கும் பொது, அதுல பாதிக்கு மேல ஒருத்தர் எடுத்துக்கறப்ப கேக்கறதுல மரியாதைக் குறைவே இல்ல.

இதே ரவுண்ட்ல ஒரு தடவை ரிஃப்ட் போல்ட்டை சஸ்பெண்ட் பண்ணி (அடுத்த டர்ன்ல போடற மாதிரி ஒதுக்கி) வச்சுட்டு அடுத்த அப்கீப்ல, அதாவது கார்டு எடுக்கறதுக்கு முன்னாடி கட்டத்துல, மறந்து நேரா கார்டு எடுத்தான். இதை எதிராளி ஞாபகப்படுத்தணும்னு கட்டாயம் இல்ல, அவரும் சொல்லல. இதுக்கு எல்லாரும் பண்ற வழி ஒண்ணு உண்டு, சஸ்பெண்ட் பண்ணதும் உங்க டெக் மேலயே ஒரு டைஸை வச்சிடுங்க, கார்டு எடுக்கக் கை போறப்ப இடிக்கும். அடுத்த ரவுண்ட்லேந்து அப்படித்தான் பண்ணான்.

நாலாவது ரவுண்ட்: ஒரு லேண்ட் கை

எதிராளி மெர்ஃபோக் டெக். 0-2. முதல் கேம் ஸைட்போர்டுக்கு முன்னாடி வேகத்துல தோத்தான், அது சரி. ரெண்டாவது கேம்தான் பேச வேண்டியது. தோத்தவருக்குத்தான் யார் முதல்ல ஆடறதுன்னு முடிவு பண்ற உரிமை, தம்பி முதல்ல ஆடறேன்னான். கை: ஒரு லேண்ட், ஸ்விஃப்ட்ஸ்பியர், லைட்னிங் போல்ட் ரெண்டு, லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட், ஸ்கல்கிராக். வச்சுக்கிட்டான். ஸ்கல்கிராக் தவிர எல்லாம் ஒரு மானாவுல போடலாம் அண்ணா, பாக்க அழகா இருந்துச்சுன்னான். மூணு டர்ன் ரெண்டாவது லேண்ட் வரல.

கணக்கைப் போட்டுப் பாப்போம். 60ல 20 லேண்ட். கையில ஏழு போச்சு, மிச்சம் 53 கார்டுல 19 லேண்ட். முதல்ல ஆடினா ரெண்டாவது டர்னுக்கு முன்னாடி ஒரே ஒரு கார்டுதான் எடுப்பீங்க, லேண்ட் வர்ற வாய்ப்பு 19/53, அதாவது 36 சதவீதம் கூட முழுசா இல்ல. ரெண்டாவதா ஆடினா ரெண்டு கார்டு, 59 சதவீதம். ஒரே கை, ஆனா யார் முதல்ல ஆடறாங்கங்கறதைப் பொறுத்து பதில் மாறுது. ரெண்டாவதா ஆடும்போது இந்தக் கையை வச்சுக்கறது விவாதத்துக்குரியது, முதல்ல ஆடும்போது வச்சுக்கறது தப்பு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

தம்பியோட வாதத்தையும் சொல்லணும், அது முட்டாள்தனமான வாதம் இல்ல. பர்ன்ல ஒவ்வொரு கார்டும் 3 சேதம், ஏழு கார்டுலதான் எதிராளி சாவான், அதனால மல்லிகன் பண்ணி (ஆரம்பக் கையைத் திருப்பிப் போட்டுட்டுப் புதுசா எடுத்து) ஒரு கார்டை இழக்கறது மத்த டெக்கைவிட பர்னுக்கு அதிகமா வலிக்கும். உண்மை. ஆனா போட முடியாம கையில தங்கற கார்டோட சேதம் பூஜ்யம். அதோட இப்ப இருக்கற மல்லிகன் பழைய மல்லிகன் இல்ல. ரொம்ப முன்னாடி இருந்த பாரிஸ் மல்லிகன்ல ஆறு கார்டு எடுத்து அதோட ஆடணும். 2019ல லண்டன்ல நடந்த மிதிக் சாம்பியன்ஷிப்ல சோதிச்சுப் பாத்துட்டு அதே வருஷம் எல்லா ஆட்டத்துக்கும் கொண்டு வந்த லண்டன் மல்லிகன்ல ஏழு கார்டு முழுசா எடுத்து, பிடிக்காத ஒண்ணை அடியில வைக்கலாம். ஏழுல நல்ல ஆறு. ஏழு கார்டுல ரெண்டுலேந்து நாலு லேண்ட் வர்ற வாய்ப்பு இந்த டெக்குக்கு 71 சதவீதத்துக்கு மேல. 36ஐ விட்டுட்டு 71ஐ எடுக்கறதுக்கு ஒரு கார்டு விலை குடுக்கறது எனக்கு சம்மதமே.

மேட்ச் நடக்கும்போது நான் பின்னாடிதான் நின்னேன், வாய் திறக்க முடியாது, வெளியாள் உதவி பண்ணா மேட்ச் லாஸ். இது கூட வர்ற அண்ணன் தம்பி அப்பா அம்மா எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது, உதட்டை அசைக்கறது, தலையாட்டறது கூட வேண்டாம். விதிமீறல் எதாவது கண்ல பட்டா ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ஜட்ஜைக் கூப்பிடலாம், அது மட்டும்தான்.

அஞ்சாவது ரவுண்ட்: லைஃப் பேட்

ரெண்டு ரவுண்ட் தோத்து ஒண்ணு டிரா ஆனப்புறம் ஒரு பையன் இப்படி ஆடுவான்னு நான் எதிர்பாக்கல. எதிராளி நீலம் சிவப்பு, ஒரு மானா ரெண்டு மானா ஸ்பெல்லா நிறைஞ்ச டெக். அதுக்கு எதிரா ஐடோலன் ஒரு சுவர். மானா மதிப்பு 3 அல்லது அதுக்குக் கீழ இருக்கற ஸ்பெல்லை யார் போட்டாலும் அவங்களுக்கு 2 சேதம். இதுவும் ட்ரிக்கர்தான், இந்தத் தடவை தம்பிக்கு லாபமானது, அவன் சொல்லலைன்னா போச்சு, எதிராளி சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. ரெண்டாவது ரவுண்ட் அடி வேலை செஞ்சுது. எதிராளி ஒவ்வொரு ஸ்பெல் போடும்போதும் கார்டைத் தொட்டுக் காட்டி, ஐடோலன், ரெண்டுன்னு சத்தமா சொன்னான், சொல்லிட்டு எழுதினான்.

எழுதினது எப்படின்னா, வெறும் எண் மட்டும் இல்ல, பக்கத்துல காரணத்தோட ஒரு எழுத்து. 20, 19 ஃபெ, 17 ஷா, 15 ஐ, 12 போ, அப்படி. மூணாவது கேம்ல தம்பி கணக்குப்படி எதிராளி 4ல இருக்கார், அவர் பேடுல 6. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. அவர், இல்ல ஆறுதான்னு நிச்சயமா சொன்னார், பொய் சொல்ற ஆள் மாதிரியும் தெரியல. காலையில இருந்த தம்பியா இருந்தா சரி ஆறுன்னு விட்டிருப்பான். இப்ப கையைத் தூக்கினான். ஜட்ஜ் வந்தார், ரெண்டு பேடையும் பக்கத்துல வச்சு மேலேந்து ஒவ்வொரு வரியா வந்தார். எதிராளி பேடுல எண் மட்டும்தான், எது எதுக்குன்னு அவராலயே பாதிக்கு மேல சொல்ல முடியல. தம்பி பேடுல ஒவ்வொண்ணும் ஆட்டத்தோட ஒத்துப் போச்சு, ஒரே டர்ன்ல ரெண்டு ஸ்பெல் போட்டதுல எதிராளி ஒரு ஐடோலன் சேதத்தைத்தான் எழுதியிருந்தார். அவருக்கே ஞாபகம் வந்துடுச்சு, ஆமா ஆமா நீ சொன்னேன்னு ஒத்துக்கிட்டார். லைஃப் 4. ஜட்ஜ் எடுத்துக்கிட்ட நேரத்தை மேட்சுக்குக் கூடுதலா குடுத்தார், ஒரு நிமிஷத்துக்கு மேல போனா அப்படிக் குடுக்கறது முறை.

அடுத்த டர்ன் போரோஸ் சார்ம். 4 சேதம். 6ஆ இருந்திருந்தா அந்த மேட்ச் வேற மாதிரி போயிருக்கும், எதிராளி மேசைல இருந்ததைப் பாத்தா தம்பிக்கு இன்னொரு டர்ன் கிடைச்சிருக்காது. அன்னைக்கு முழுக்க அவன் பண்ணதுல எனக்கு ரொம்பப் பெருமையா இருந்தது இதுதான். ஒரு ஸ்பெல்லைக் கூட புத்திசாலித்தனமா ஆடி எடுத்த பாயிண்ட் இல்ல இது, எழுதி வச்சதுக்கும் கை தூக்கினதுக்கும் கிடைச்சது.

ஆறாவது ரவுண்ட்

ரெண்டு பேருக்கும் 7 பாயிண்ட், டாப் 8 கிடையாது, பேக் (கார்டு பாக்கெட்) பரிசுக்கு மட்டும் ஆட்டம். இந்த மாதிரி கடைசி ரவுண்ட்ல ஒரு அபாயம் இருக்கு. ரெண்டு பேரும் பேசி டிரா பண்ணிக்கலாம், ஒருத்தர் விட்டும் குடுக்கலாம், அது ரூல்ஸ்ல செல்லும். ஆனா நீ விட்டுக் குடுத்தா பேக்ல பாதி தரேன்னு சொல்றதும், டைஸ் போட்டு யார் ஜெயிச்சாங்கன்னு முடிவு பண்ணிக்கலாம்னு சொல்றதும் கடுமையான குத்தம், மேட்ச் லாஸ், விஷயத்தைப் பொறுத்து வெளியேத்தம். நட்பா பேசறதா நினைச்சுக்கிட்டு சின்னப் பசங்க மாட்டிக்கற இடம் இது. அப்படி யாராவது பேச்செடுத்தா ஜட்ஜைக் கூப்பிடுன்னு தம்பிகிட்ட முதல்லயே சொல்லி வச்சேன், அந்த எதிராளி அப்படி எதுவும் பேசல, ரெண்டு பேரும் நல்லா ஆடினாங்க.

மூணாவது கேம் கடைசி: எதிராளிக்கு 6 லைஃப், மேசைல ரெண்டு கிரீச்சர், அடுத்த தாக்குதல்ல தம்பி காலி. தம்பி கையில ஒரு லைட்னிங் போல்ட் மட்டும். போல்ட்டை ஒரு கிரீச்சர் மேல போட்டா ஒரு டர்ன் தப்பிக்கலாம், ஆனா இன்னொண்ணு அடிக்கும், எதிராளி 6லயே இருப்பார், ஜெயிக்க ரெண்டு கார்டு வேணும். முகத்துல (நேரா எதிராளி லைஃப் மேல) போட்டா அவர் 3க்கு வருவார், அடுத்து எடுக்கற கார்டு 3 சேதமா இருந்தா வெற்றி, இல்லன்னா தோல்வி. தம்பி எண்ணிப் பாத்துட்டு எதிராளியோட டர்ன் முடிவுல முகத்துல போட்டான், லாவா ஸ்பைக் எடுத்தான்.

பழைய ஆளுங்களுக்கு இது எங்க பாத்த மாதிரி இருக்குன்னு தெரியும். 2006 ஹொனலூலு ப்ரோ டூர் அரையிறுதி, இங்கிலாந்தோட க்ரெய்க் ஜோன்ஸ், பிரான்ஸோட ஒலிவியே ரூயல். கடைசி கேம்ல ஜோன்ஸ் கையில இருந்த சார்ங்கற (Char) சேத ஸ்பெல்லை ரூயலோட லைஃப் மேலயே போட்டுட்டு, அடுத்த கார்டா லைட்னிங் ஹீலிக்ஸை எடுத்தார். எல்லாரும் அந்த ஹீலிக்ஸைப் பத்தியே பேசறாங்க, எனக்கு என்னமோ அதுக்கு முன்னாடி சாரை முகத்துல போட்ட முடிவுதான் பெருசாத் தெரியுது, அதைப் போடலைன்னா ஹீலிக்ஸ் வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. இறுதிப் போட்டியில மார்க் ஹெர்பர்ஹோல்ட்ஸ்கிட்ட ஜோன்ஸ் தோத்தார், அது வேற விஷயம். தம்பிக்கு இந்தக் கதை அதுவரைக்கும் தெரியாது, அவனே கணக்குப் போட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தான்.

இப்ப என்ன பண்றோம்

குரூப்ல இப்ப வாராவாரம் காம்பெட்டிட்டிவ் மாதிரியே ஆடறோம், டைஸ் கிடையாது, பேனா பேப்பர்தான், மேசைல 50 நிமிஷ டைமர், ட்ரிக்கரை வாய் விட்டு சொல்லலைன்னா போச்சு. ஒருத்தர் ஆடாம ஜட்ஜா உக்காருவார். தம்பிதான் இதுல ரொம்ப கறார், காப்ளின் கைடு தாக்கினா எதிராளி கார்டைத் தொடற வரைக்கும் விடமாட்டான்.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் அவனுக்கும் ஒத்துப் போகல. லேண்டை 19 ஆக்கணும்ங்கறான், ஆட்டம் நீளும்போது வர்ற லேண்ட் எல்லாம் செத்த கார்டு, அதுல ஒண்ணு போல்ட்டா இருந்திருந்தா மூணாவது ரவுண்டை ஜெயிச்சிருப்பேன்னு வாதம். நான் 20ன்னு நிக்கறேன். 20 லேண்டோட ஏழு கார்டுல ஒண்ணோ பூஜ்யமோ லேண்ட் வர்றது 24.7 சதவீதம், 19 ஆக்கினா 27.9. பதிலுக்கு அஞ்சு லேண்டோ அதுக்கு மேலயோ வர்ற கை 3.6லேந்து 2.8க்குத்தான் இறங்குது. ஆரம்பக் கையில மூணு சதவீதத்தைக் குடுத்து முக்கால் சதவீதத்தை வாங்கறோம். நடு ஆட்டத்துல அவன் சொல்றதுல நியாயம் இருக்குன்னு நானும் ஒத்துக்கறேன், அதனால ரெண்டு டெக்கையும் பக்கத்துல வச்சு ஆடிப் பாக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம், அடுத்த ஆர்சிக்யூவுக்கு டெக்லிஸ்ட் குடுக்கறதுக்கு முன்னாடி முடிச்சாகணும்.